ஏர் சஸ்பென்ஷன் பஸ்: உயரம் செட் பண்ணுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்வது பெரும்பாலும் லெவலிங் வால்வும் லிங்க் ராடும் உள்ள பஸ்களுக்கு. நம் ஊர் ஆம்னி பஸ், ஏ.சி. கோச் பலவும் இந்த வகைதான். சென்சாரும் கம்ப்யூட்டரும் வைத்த வண்டிகளைப் பற்றி முடிவுக்கு அருகே இருக்கிறது. வண்டி எடையைக் காற்றால் தாங்கும் ரப்பர் பையை, ஸ்பேர் கடையில் பெல்லோ என்று பில் போடுவதை, ஒர்க்‌ஷாப்பில் சொல்வதுபோல் பலூன் என்றே எழுதியிருக்கிறோம்.

உயரம் என்றால் எது? தரையிலிருந்து பாடி வரைக்குமா?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தரையிலிருந்து பாடி வரை அளந்தால் டயர் காற்று, டயர் தேய்மானம், பாடி கட்டியவர் வைத்த பீடிங், தரையின் மேடு பள்ளம் எல்லாம் அந்த அளவுக்குள் வந்துவிடும். சஸ்பென்ஷன் உயரம் என்பது ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள தூரம் மட்டும். சில தயாரிப்பாளர்கள் ஆக்சில் மையத்திலிருந்து சேஸிஸ் அடிப்பக்கம் வரை சொல்வார்கள். சிலர் பலூனின் மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் நடுவே சொல்வார்கள். சேஸிஸ் அளவுக்கு மேல் இறங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் அது போய் மோதும் இடத்துக்கும் உள்ள இடைவெளியைச் சொல்வோரும் உண்டு. மேனுவலில் படம் போட்டு எந்த இரண்டு புள்ளி என்று காட்டியிருந்தால், அந்த இரண்டு புள்ளிதான். பக்கத்தில் வசதியாக இருக்கும் வேறொன்று அல்ல.

அளக்கும் இடத்தில் சேறு, கிரீஸ், பெயின்ட் கட்டி இருந்தால் சுரண்டிவிட்டு அளக்கவும். 4 மி.மீ. சேற்றைச் சேர்த்து அளந்துவிட்டு 4 மி.மீ.க்காக லிங்க் ராடைத் திருப்புவது வீண் வேலை.

லெவலிங் வால்வு உள்ளே என்ன செய்கிறது?

வால்வு சேஸிஸில் போல்ட் போட்டு நிற்கிறது. அதன் கை லிங்க் ராடு வழியாக ஆக்சிலோடு இணைந்திருக்கிறது. ஆள் ஏறினால் சேஸிஸ் இறங்கும், கை மேலே தள்ளப்படும், வால்வு திறந்து டேங்க் காற்று பலூனுக்குப் போகும். சேஸிஸ் பழைய உயரத்துக்கு வந்ததும் கை கிடைமட்டத்துக்குத் திரும்பி வழி அடைபடும். ஆள் இறங்கினால் இதே கதை தலைகீழாக நடக்கும்: கை கீழே போகும், பலூன் காற்று வால்வின் எக்ஸாஸ்ட் வாய் வழியாக வெளியேறும். ஸ்டாப்பில் பத்துப் பேர் இறங்கியதும் பின்பக்கம் "புஸ்" என்று கேட்பது அதுதான், லீக் இல்லை.

நடுவில் ஒரு மந்தமான இடம் உண்டு. கை சில மி.மீ. அசைந்தாலும் வால்வு எதையும் செய்யாது. அது இல்லாவிட்டால் சாலையின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் காற்றை ஏற்றி இறக்கிக் கம்ப்ரஸரை ஓயவிடாது. சில வால்வுகளில் இதோடு ஒரு தாமதமும் வைத்திருப்பார்கள்: கை சில நொடிகள் தொடர்ந்து மேலேயோ கீழேயோ நின்றால்தான் வேலை தொடங்கும். புது வால்வை மாட்டிவிட்டுக் கையைத் தூக்கிப் பார்த்து "காற்று வரல, டூப்ளிகேட்" என்று திருப்பிக் கொடுக்கப் போவதற்கு முன் பத்துப் பதினைந்து நொடி பிடித்துக்கொண்டே இருந்து பாருங்கள்.

உயரத்தைக் கூட்டினால் அதிக லோடு தாங்குமா?

தாங்காது. பலூன் தாங்கும் எடை, அதன் உள் அழுத்தத்தைப் பயன்படு பரப்பால் பெருக்கினால் வருவது. ஒரு கணக்கு: பயன்படு விட்டம் 25 செ.மீ. உள்ள பலூனின் பரப்பு ஏறக்குறைய 490 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 4.5 கிலோ அழுத்தத்தில் அது தாங்குவது சுமார் 2,200 கிலோ. பின் ஆக்சிலில் நான்கு பலூன் என்றால் 8,800 கிலோ. மேலே உட்காரும் எடை அதுவென்றால் அழுத்தமும் அதுவாகத்தான் இருக்கும், நீங்கள் 20 மி.மீ. உயர்த்தினாலும் தாழ்த்தினாலும். லிங்க் ராடைத் திருப்பும்போது மாறுவது பலூனுக்குள் இருக்கும் காற்றின் அளவு. அழுத்தம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. டேங்க் அழுத்தம் எட்டு கிலோவுக்கு வந்திருந்தும் வண்டி மேலே எழவில்லை என்றால் குற்றம் லிங்க் ராடில் இருக்காது. காற்று பலூனுக்குப் போய்ச் சேரவில்லை: பைப் மடிந்திருக்கும், வால்வு அடைத்திருக்கும், அல்லது பிரஷர் புரொடெக்‌ஷன் வால்வு திறக்காமல் இருக்கும். பிரேக் டேங்குகள் நிரம்பும் வரை சஸ்பென்ஷனுக்குக் காற்று விடாமல் தடுப்பதே அந்த வால்வின் வேலை. பலூன் வெடித்தாலும் பிரேக் காற்று முழுவதும் போய்விடாமல் காப்பதும் அதுவே. அதை நடுவிலிருந்து கழற்றி எறிந்துவிட்டு நேராக பைப் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

என் பஸ்ஸில் மூன்று வால்வுதான் இருக்கிறது. நான்கு சக்கரத்துக்கு நான்கு வேண்டாமா?

மூன்றுதான் சரி. மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நான்கு கால் நாற்காலி ஆடும். அதே கணக்கு. முன்னால் ஒன்று, பின்னால் இடம் ஒன்று வலம் ஒன்று என்பது பஸ்களில் வழக்கமான அமைப்பு. முன்பக்க இரண்டு பலூனும் ஒரே வால்விலிருந்து காற்று வாங்குவதால் அங்கே இடமும் வலமும் ஒரே அழுத்தம். பாடியை நேராக நிறுத்துவது பின்பக்கத்து இரண்டு வால்வுகளின் பொறுப்பு.

நான்காவது வால்வைக் கூடுதலாக வைத்தால் தரை சற்றே முறுகலாக இருக்கும் இடத்தில் முன் இடதும் பின் வலதும் ஒரு ஜோடியாக, மற்ற இரண்டும் இன்னொரு ஜோடியாக ஒன்றையொன்று எதிர்த்துத் தூக்கும். ஒரு மூலைவிட்ட ஜோடியில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், இன்னொன்றில் வடிந்துகொண்டே போகும்.

லிங்க் ராடில் கை வைக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

ஆறு டயரிலும் காற்று. பின்பக்க ஜோடி டயர்களில் உள்டயர் காற்றை ஒருவரும் பார்ப்பதில்லை, பாருங்கள். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் மொட்டை டயர் என்றால் பாடி சாய்வதை சஸ்பென்ஷன் தலையில் கட்டாதீர்கள்.

அடுத்து ஆட்டம். லிங்க் ராடின் இரு முனை ரப்பர் புஷ்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள். புஷ் தேய்ந்து ராடு லொடலொடவென்று இருந்தால் நீங்கள் செட் பண்ணுவது இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறு. வால்வு நிற்கும் பிராக்கெட் வளைந்திருக்கிறதா, அதன் போல்ட் இறுக்கமா என்பதும் முக்கியம். வால்வுக் கை தண்டின் மேல் வழுக்குகிறதா என்று பார்க்க, கையிலும் தண்டிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டு நான்கைந்து முறை அசைத்தால் போதும். கோடு உடைந்தால் கை வழுக்குகிறது.

பிறகு லீக். எல்லா ஜாயிண்டிலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். பலூனில் அடிக்கும்போது அதன் அடியில் இருக்கும் பிஸ்டன் மேல் மடிந்து உருளும் பகுதியில் கவனம் வேண்டும். மணலும் சிறு கல்லும் அங்கேதான் சிக்கி ரப்பரை அரைக்கும். பலூன் முழுதாக ஊதியிருக்கும்போது அதைச் சுற்றி எங்கும் 25 மி.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். பைப் கிளாம்ப், வயர் கட்டு, பாடி வெல்டிங்கின் மிச்சத் தகடு எதுவும் உரசக்கூடாது. கரூர் போன்ற இடங்களில் பாடி கட்டி முடித்து வரும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது வெல்டிங் தீப்பொறி பலூன் மேல் விழுந்த தடம். குண்டூசித் தலை அளவு கருகல் இருந்தாலும் அந்த பலூன் அதிக நாள் நிற்காது.

சரி, செட்டிங்கைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

சமதரை வேண்டும். கண்ணுக்குச் சமமாகத் தெரிவதை நம்பாதீர்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தை வாங்கி நான்கு சக்கரம் நிற்கும் இடங்களையும் பாருங்கள். தரை ஒரே பக்கமாகச் சரிந்திருந்தால் பெரிய கெடுதல் இல்லை, நாம் அளப்பது ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவேதான். முன் சக்கரங்கள் ஒரு பக்கமும் பின் சக்கரங்கள் மறுபக்கமும் சரியும் முறுகல் தரைதான் கெடுக்கும்.

வண்டியைக் காலியாக, நேராக ஓட்டி வந்து நிறுத்துங்கள். கடைசிப் பத்தடி பிரேக் அழுத்தாமல் உருண்டு வந்து நிற்கட்டும். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை போட்டபின் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். கியர் நியூட்ரல். எஞ்சின் ஓடி டேங்க் முழு அழுத்தத்துக்கு வந்து அன்லோடர் (டேங்க் நிரம்பியதும் மிச்சக் காற்றை வெளியே விடும் வால்வு) அடிக்கும் வரை காத்திருங்கள். ஏழு கிலோவுக்குக் கீழே இருக்கும்போது செட் செய்யத் தொடங்காதீர்கள்.

கீழே போகிறவருக்கு ஒரு நிபந்தனை: சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் நிற்காமல் தலை உள்ளே போகக்கூடாது. லிங்க் ராடைக் கழற்றிய கணத்தில் கை தொங்கினால் சேஸிஸ் பம்ப் ஸ்டாப் வரை இறங்கும், சத்தம் கேட்டு விலக நேரம் இருக்காது. பிட் இருக்கும் ஒர்க்‌ஷாப்பிலும் இதே விதிதான். ஸ்டாண்டை, செட்டிங் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே தலை வரும்படி வையுங்கள். சேஸிஸைத் தொட்டுக்கொண்டு நின்றால் அளவு பொய்யாகும்.

பின்பக்கத்தில் ஆரம்பியுங்கள். இரண்டு பக்க லிங்க் ராடையும் வால்வுக் கை முனையில் கழற்றுங்கள். ஸ்டாண்ட் அனுமதிக்கும் வரை கைகளைக் கீழே தாழ்த்திக் காற்றை விடுங்கள். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கி நிரப்பி, கிடைமட்டத்தில் நிறுத்தி, ராடை மாட்டிவிட்டு, வண்டி தானாக ஒரு நிலைக்கு வந்து நிற்க ஐந்து நிமிடம் விடுங்கள். இப்போது அளந்து, சேஸிஸ் மீதே சாக்பீஸால் எழுதிக்கொள்ளுங்கள்.

கீழிருந்து மேலே வந்துதான் அளக்க வேண்டும், எப்போதும். மேலிருந்து இறங்கி வரும்போது மந்தமான இடத்தின் மேல் விளிம்பில் வால்வு மூடிக்கொள்ளும், கீழிருந்து ஏறும்போது கீழ் விளிம்பில். ஒரே ராடு நீளத்துக்கு இரண்டு விடை வரும். ஒரு முறை அப்படி, ஒரு முறை இப்படி அளந்தால் நாள் முழுக்கத் துரத்திக்கொண்டே இருக்கலாம்.

திருத்துவது எளிது. ராடை நீட்டினால் வண்டி உயரும், குறைத்தால் தாழும். ராடின் கீழ் முனை நேராக ஆக்சில் மேல் நின்றால் 1 மி.மீ. ராடு ஏறக்குறைய 1 மி.மீ. உயரம், வால்வுக் கை நீளமோ குட்டையோ, இந்தக் கணக்கு மாறாது. ராடு ஆக்சிலில் நிற்காமல் டிரெயிலிங் ஆர்மில் (ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் நீளக் கையில்) நடுவே எங்கோ நின்றால் ஒன்றுக்கு ஒன்று வராது, 5 மி.மீ. திருப்பி எவ்வளவு மாறியது என்று அளந்து பிறகு கணக்குப் போடுங்கள். ராடு செங்குத்தாக நிற்க வேண்டும். பார்க்கும்போதே சாய்ந்து நின்றால் யாரோ பிராக்கெட்டைத் தவறான ஓட்டையில் மாட்டியிருக்கிறார்கள்.

ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். இடது பக்கம் பாதி, வலது பக்கம் பாதி, மீண்டும் இடது. ஒன்றை உயர்த்தினால், வண்டி சாயாமல் இருக்க இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஆன்டி ரோல் பார் வழியாக மற்றொன்றும் கொஞ்சம் நகரும். இரண்டும் சரியானபின் முன்பக்க வால்வைச் செட் செய்து, அதன்பின் பின்பக்கத்தை மறுபடி அளக்கவும்.

வழக்கமாகத் தயாரிப்பாளர் கொடுக்கும் வரம்பு கூடக்குறைய 3 முதல் 6 மி.மீ. அதற்குள் வந்துவிட்டால் நிறுத்துங்கள். ஒரு மி.மீ.க்காக மல்லுக்கட்டுவது மந்தமான இடத்தோடு சண்டை போடுவது.

கடைசியாக லாக் நட்டை இறுக்கும்போது ராடும் சேர்ந்து சுற்றாமல் இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றிவிட்டால் பந்துமுனை ஒரு பக்கமாக இழுத்து நின்று, பத்தே நாளில் கோப்பை ரப்பர் கிழியும்.

சில வால்வுகளில் உடம்பிலும் கையிலும் ஒரு சிறு துளை இருக்கிறதே, எதற்கு?

இரண்டு துளையும் நேராக வந்தால் வால்வு நடுநிலையில் இருக்கிறது என்று பொருள். செட் செய்யும்போது அதில் ஒரு குச்சியைச் செருகிப் பூட்டிக்கொள்ளலாம். மரக்குச்சியே செருகுங்கள். எடுக்க மறந்து வண்டியை ஓட்டினால் மரம் ஒடியும். ஆணி செருகியிருந்தால் ஒடிவது வால்வு.

ஹேண்ட் பிரேக்கை ஏன் விடச் சொல்கிறீர்கள்? பயமாக இருக்கிறதே.

அதனால்தான் கட்டை. டிரெயிலிங் ஆர்ம் வைத்த ஆக்சில் மேலே கீழே போகும்போது வளைவாகப் போகிறது, சக்கரமும் ஒரு துளி உருள வேண்டியிருக்கும். பிரேக் பிடித்திருந்தால் சக்கரம் உருளாது, ஆர்ம் புஷ்கள் முறுகி நின்று சேஸிஸை ஓர் இடத்தில் பிடித்துவைக்கும். நீங்கள் அளந்து, பூட்டி, கணக்கு முடித்து, டிரைவர் பிரேக்கை விட்டு நகர்த்தியதும் முறுக்கு அவிழ்ந்து அளவு மாறும். "செட் பண்ணினேன், மறுநாள் மாறிவிட்டது" என்று வருபவர்களில் பலருக்கு விடை இதுதான்.

டேப்பால் அளந்தாகிவிட்டது. வால்வு உண்மையில் வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

இருபது பேரைப் பின் பாதியில் ஏற்றுங்கள். தலைக்கு 65 கிலோ வைத்தால் 1,300 கிலோ. ஏறியதும் சேஸிஸ் இறங்கும். எஞ்சின் ஓட, ஓரிரு நிமிடத்தில் பழைய அளவுக்கு வர வேண்டும். இறக்கிவிட்டால் உயர்ந்து, எக்ஸாஸ்ட் சத்தத்தோடு திரும்பி வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மெதுவாக எழுந்தால் அந்தப் பக்கத்து பைப்பிலோ வால்வு வாயிலிலோ எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கிறது. ஏறிய பிறகு திரும்பும் அளவும் இறங்கிய பிறகு திரும்பும் அளவும் சில மி.மீ. வித்தியாசப்படுவது இயல்பு, ஏன் என்று மேலே சொல்லியாகிவிட்டது.

பஸ் ஒரு பக்கம் சாய்கிறது. எந்த ராடைத் திருப்ப?

முதலில் எதையும் திருப்பாதீர்கள். பின் ஆக்சிலின் இரண்டு பக்கமும் சேஸிஸ் உயரத்தை அளந்து பாருங்கள். சமமாக இருந்தால் சாய்வு சஸ்பென்ஷனில் இல்லை: டயரிலோ, பாடி மவுண்டிங்கிலோ, சேஸிஸிலோ இருக்கிறது. அதை மறைக்க ஒரு ராடை நீட்டினால் பாடி நேராகத் தெரியும், சஸ்பென்ஷன் கோணலாகும்.

அளவு சமமாக இல்லையென்றால் இரண்டு பக்க பலூன் அழுத்தத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். டெஸ்ட் பாயிண்ட் இருந்தால் கேஜை மாட்டலாம். இல்லையென்றால் ஒரு 'டி' ஜாயிண்ட் போட்டுக்கொள்ளலாம். பேட்டரி, டீசல் டேங்க், ஏ.சி. எல்லாம் ஒரு பக்கமாக இருக்கும் வண்டியில் கொஞ்சம் வித்தியாசம் வரும், தவறில்லை. காலி வண்டியில் ஒரு பக்கம் 2.5 கிலோ, மறுபக்கம் 4 கிலோ என்று காட்டினால் ஏதோ ஒன்று வண்டியை முறுக்குகிறது. ஆன்டி ரோல் பார் லிங்கை ஒரு பக்கம் கழற்றுங்கள். இரண்டு அழுத்தமும் நெருங்கி வந்தால் பார் வளைந்திருக்கிறது அல்லது அதன் புஷ் இறுகிப்போயிருக்கிறது. மாறவில்லை என்றால் ஆக்சிலை இடத்தில் பிடித்துவைக்கும் டார்க் ராடு நீளம், ஆர்ம் புஷ் என்று தேடிப் போக வேண்டும்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: முன்பக்கம் ஒற்றை வால்வு உள்ள வண்டியில் முன்பக்கத்தைத் திருப்பிச் சாய்வைச் சரிசெய்யவே முடியாது.

ராத்திரி நன்றாக நிற்கிறது. விடியற்காலை பார்த்தால் ஒரு பக்கம் படுத்துவிடுகிறது.

லீக். உயரச் செட்டிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எஞ்சினை அணைத்த பிறகும் டேங்கில் காற்று உள்ளவரை லெவலிங் வால்வு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பலூனில் ஓட்டை இருந்தால் கசிந்ததை டேங்கிலிருந்து நிரப்பிக்கொண்டே போகும். அதனால்தான் பத்து மணிக்கு நிமிர்ந்து நின்ற வண்டி நான்கு மணிக்கு மண்டியிட்டுக் கிடக்கிறது: டேங்க் காலியான பிறகுதான் குற்றம் கண்ணுக்குத் தெரிகிறது.

பின்பக்கம் ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அந்தப் பக்கத்து பலூன், பைப், வால்வு. முன்பக்கம் இரண்டும் சேர்ந்து விழுந்தால் பொதுவான வால்வையும் அதன் பைப்பையும் முதலில் பாருங்கள். வால்வா பலூனா என்று பிரிக்க, வண்டி அசையாமல் நின்று இரண்டு நிமிடம் கழித்து வால்வின் எக்ஸாஸ்ட் வாயில் சோப்பு நுரை வையுங்கள். குமிழி தொடர்ந்து வந்தால் வால்வின் உள் சீட் போயிற்று. வராவிட்டால் பலூனுக்கும் ஜாயிண்டுகளுக்கும் போங்கள்.

வால்வு சீட் போகப் பெரும்பாலும் காரணம் தண்ணீர். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோரத் தடங்களில் ஓடும் வண்டியில் டேங்க் டிரெயினைத் திறந்தால் தெரியும். ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜை மாற்றாமல் வால்வை மட்டும் மாற்றினால் அடுத்த வால்வும் அதே வழியில் போகும்.

ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுகிறது. பின்னால் இரண்டு இன்ச் தூக்கி வைத்துவிடலாமா?

கூடாது. அடிக்கடி வரும் கேள்வி என்பதால் எண்ணோடு சொல்கிறோம். சக்கர இடைத்தூரம் 6,200 மி.மீ. உள்ள பஸ்ஸில் பின்பக்கத்தை 50 மி.மீ. தூக்கினால் வண்டி ஏறக்குறைய அரை டிகிரி முன்னால் கவிழும். முன் சக்கரக் காஸ்டர் (ஸ்டியரிங்கை நேராக நிறுத்தும் பின்சாய்வுக் கோணம்) அதே அரை டிகிரி குறையும். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நேராக நிற்காமல் அலைவதை டிரைவர் சொல்வார். ஹெட்லைட் ஒளி பத்து மீட்டரில் 8 செ.மீ. கீழே விழும். இதற்கு மேல் ஷாக் அப்சார்பர்: அது நீள்வதற்கு மிச்சம் வைத்த இடத்தில் 50 மி.மீ. போய்விட்டது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஷாக் அப்சார்பர் கயிறுபோல் இழுத்து நிறுத்தும், அதன் முனை வளையத்தில் இருக்கும் கண் புஷ் பிய்யும், பலூன் விளிம்பு தகட்டிலிருந்து உருவும்.

தட்டுவது எது என்று பார்ப்பதுதான் வழி. செட் உயரம் சரியாக இருந்தும் தட்டினால் ஷாக் அப்சார்பர் செத்திருக்கும். அல்லது பாடி கட்டும்போது டிக்கியைத் தாழ்வாக இறக்கியிருப்பார்கள்; அதை லிங்க் ராடால் தீர்க்க முடியாது.

உயரம் செட் செய்ததிலிருந்து 60 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓர் அதிர்வு வருகிறது.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம். பின்பக்க எஞ்சின் பஸ்களில் இது கூடுதல் தொல்லை, ஷாஃப்ட் குட்டை என்பதால். 600 மி.மீ. ஷாஃப்டில் 20 மி.மீ. உயர மாற்றம் கிட்டத்தட்ட 2 டிகிரி; 2 மீட்டர் ஷாஃப்டில் அதே 20 மி.மீ. அரை டிகிரி சொச்சம்தான். கியர்பாக்ஸ் வெளி ஃபிளாஞ்ச் கோணத்தையும் டிஃபரென்ஷியல் பினியன் ஃபிளாஞ்ச் கோணத்தையும் காந்தக் கோணமானியால் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. அளவு சரியாக இருந்தும் அதிர்ந்தால் கிராஸ் பேரிங், பேலன்ஸ் என்று போக வேண்டும். உயரத்தை மாற்றி அதிர்வை "டியூன்" பண்ணாதீர்கள்.

கம்பெனி அளவு கிடைக்கவில்லை. பக்கத்து வண்டியைப் பார்த்து வைக்கலாமா?

பக்கத்து வண்டியையும் யாரோ திருப்பியிருக்கலாம். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து டீலரிடம் கேட்பதே முதல் வழி. ஒரே மாடல் பெயரில் பலூன் மாறியிருக்கும். பலூன் பார்ட் நம்பருக்கு அதன் தயாரிப்பாளர் கேட்டலாகில் வேலை உயரம் என்று ஒரு வரம்பு கொடுத்திருப்பார்கள், அது இரண்டாவது வழி. மூன்றாவதாக, ஷாக் அப்சார்பரின் முழுச் சுருக்க நீளத்தையும் முழு நீட்சியையும் அளந்து, செட் உயரத்தில் அது நடுப்பகுதியில் நிற்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். இந்த வழியில் கிடைப்பதைத் தற்காலிகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் லிங்க் ராடு உடைந்துவிட்டது. என்ன செய்ய?

கை தொங்கிவிட்டால் அந்தப் பக்கத்துக் காற்று முழுக்க வெளியேறி வண்டி பம்ப் ஸ்டாப்பில் உட்காரும். ஆள்களை இறக்கி, வண்டிக்குக் கட்டை போட்டு, வெளியிலிருந்து கை எட்டினால் மட்டும் வால்வுக் கையைத் தூக்கி நிரப்பி, மறுபக்க உயரத்துக்கு வந்ததும் கிடைமட்டத்தில் கேபிள் டையால் கட்டுங்கள். காற்று உள்ளே அடைபட்டு நிற்கும், லெவலிங் இருக்காது. ஆள் ஏற ஏற அந்தப் பக்கம் தாழும். மெதுவாக அடுத்த ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம். கையை மேலே தூக்கிய நிலையில் கம்பி போட்டுக் கட்டுவது மட்டும் வேண்டாம். டேங்க் அழுத்தம் முழுவதும் பலூனுக்குப் போய் வண்டி ஷாக் அப்சார்பர் நீளம் வரை எழும்பும்.

ஷாக் அப்சார்பரைக் கழற்றிய நிலையில் ஜாக்கியில் தூக்கிய ஆக்சிலுக்குக் காற்று விடுவதும் இதே வகைத் தவறுதான். மேலே எழுவதைத் தடுத்து நிறுத்த அங்கே வேறு ஒன்றும் இல்லை.

கொல்லிமலை போன்ற ரூட்டில் அடுத்தடுத்த கொண்டை ஊசி வளைவு. வால்வு குழம்பாதா?

வளைவு சில நொடியில் முடிந்து எதிர்ப்பக்க வளைவு வந்துவிடும். மந்தமான இடமும் தாமதமும் அதற்காகத்தான். இறங்கி வந்து நின்றதும் ஒரு பக்கம் சில மி.மீ. உயர்ந்து தெரிந்தால் இரண்டு நிமிடம் விடுங்கள். மலை இறங்கிய கையோடு உயரம் அளக்காதீர்கள்.

மல்டி ஆக்சில் பஸ்ஸில் கடைசி ஆக்சிலுக்கு வால்வு எங்கே?

பெரும்பாலும் தனியாக இருக்காது. எஞ்சின் சுழற்றும் டிரைவ் ஆக்சிலில் நிற்கும் வால்வே, கடைசியில் இருக்கும் டேக் ஆக்சில் பலூனுக்கும் காற்று கொடுக்கும். எனவே செட்டிங் டிரைவ் ஆக்சிலில். டேக் ஆக்சில் லிஃப்ட் உள்ள வண்டியானால் அது கீழே இறங்கிய நிலையில் அளக்க வேண்டும்.

லிங்க் ராடு திருப்பும் வேலையே இல்லாத எலக்ட்ரானிக் வண்டியில்?

அங்கே வால்வுக் கைக்குப் பதில் உயர சென்சார், வால்வுக்குப் பதில் கம்ப்யூட்டர் ஆட்டும் சோலினாய்டு, அதாவது மின்சார வால்வு. வேப்கோ நிறுவனம் ஈகாஸ் என்ற பெயரில் 1986இல் கொண்டுவந்த முறை இன்று பல தயாரிப்பாளர்களிடம் பல பெயரில் இருக்கிறது. சென்னையில் 2024 ஆகஸ்டில் மாநகர் போக்குவரத்துக் கழகம் இறக்கிய தாழ்தளப் பேருந்துகள் நிறுத்தத்தில் படிப்பக்கம் தாழ்ந்து கொடுப்பதும் பலூன் காற்றை இறக்கித்தான்.

இந்த வண்டியில் உயரம் கம்ப்யூட்டர் நினைவில் இருக்கிறது. சென்சார், கம்ப்யூட்டர், ஆக்சில், பிராக்கெட் எது மாறினாலும் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். ஸ்கேனரை மாட்டி நடு உயரம், மேல் எல்லை, கீழ் எல்லை மூன்றையும் வரிசையாகப் பதிய வைப்பது வழக்கமான முறை. நடு உயரத்தைக் கண்ணால் நிறுத்த முயலாமல், தேவையான அளவுக்கு அறுத்த நான்கு மரக்கட்டைகளை ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே நிறுத்தி, வண்டியை அதன்மேல் மெதுவாக இறக்கிப் பதியுங்கள். நான்கு கட்டையையும் ஒரே அறுப்பில் அறுக்க வேண்டும். தனித்தனியாக அறுத்தால் 2 மி.மீ. அங்கேயே போய்விடும். முன்பின் அளவு வேறு என்றால் ஜோடியாக அறுக்கவும்.

பதிவை ஏற்க மறுத்தால் சென்சார் கை தலைகீழாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கை எதிர்ப்பக்கம் பார்த்தால் வண்டி உயரும்போது எண் குறையும், கம்ப்யூட்டருக்கு மேல் கீழாகத் தெரியும். பேட்டரி வோல்டேஜ் குறைந்திருந்தாலும் பாதியில் நின்றுவிடும். சார்ஜரைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் காருக்கும் இதே முறையா?

அடிப்படை ஒன்றுதான், அளக்கும் இடம் வேறு. பல கார்களில் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை சொல்வார்கள். சிலவற்றில் கன்ட்ரோல் ஆர்ம் கோணத்தைச் சொல்வார்கள். அளந்த எண்ணை ஸ்கேனரில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். காரைத் தாழ்த்திக் காட்ட சென்சார் லிங்கைக் குட்டையாக்கும் கிட் விற்கிறார்கள். கம்ப்யூட்டர் தன் உயரம் சரி என்றே நினைத்துக்கொண்டிருக்கும், பம்ப் ஸ்டாப்புக்கு மிச்சம் இருக்கும் இடம் மட்டும் குறைந்திருக்கும். வீல் அலைன்மென்ட் செய்வதற்கு முன் உயரம். அலைன்மென்ட் முடித்துவிட்டு உயரத்தைத் தொட்டால் கொடுத்த காசு போச்சு.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

தேதி வைத்துத் திருப்ப வேண்டிய வேலை இல்லை இது. வால்வு, லிங்க் ராடு, பலூன், ஆர்ம் புஷ், டார்க் ராடு எது மாற்றினாலும் அன்றைக்கு. மற்றபடி ஒவ்வொரு சர்வீஸிலும் டேப்பை வைத்து மூன்று இடத்தில் அளந்து, தேதியோடு வண்டி நோட்டில் எழுதுங்கள்: முன் ஒன்று, பின் இடம், பின் வலம். மூன்று சர்வீஸில் பின் இடம் மட்டும் 4, 7, 11 மி.மீ. என்று குறைந்துகொண்டே வந்தால் ராடு தானாகச் சுருங்கவில்லை. அந்தப் பக்கத்து புஷ் தேய்கிறது. புஷ்ஷை மாற்றிவிட்டு, பழைய ராடு நீளத்திலேயே மறுபடி அளந்து பாருங்கள்.